உடம்புச் சூட்டில் ஒரு போத்தல்

மார்கழி மாதத்து மத்தியானம். மழை விட்டு வெயில் எறித்துக்கொண்டிருந்தது. என் கணவர் சாப்பாட்டுக் கோப்பைக்கு முன்னால் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு இருந்தார்.

"என்னப்பா, நுவரெலியாக் குளிருக்கே வெளிக்கிட்டிட்டியள்?" என்று கேட்டேன்.

வழக்கமாக இதற்கு ஒரு நக்கல் பதில் வரும். அன்றைக்கு வரவில்லை. கையைத் தொட்டுப் பார்த்தேன், கொதித்தது. ஆனால் அவருக்குக் குளிரில் பல் அடித்துக்கொண்டிருந்தது. சோற்றைத் தள்ளி வைத்துவிட்டுப் போய்ப் படுத்தார். தடிமன் காய்ச்சல் என்று நினைத்து நான் கொத்தமல்லி அவித்தேன்.

இதை ஏதோ ஒரு ஆஸ்பத்திரி வாங்கில் உட்கார்ந்துகொண்டு, உள்ளே படுத்திருக்கும் ஒருவருக்காக வாசிக்கிறவர்களுக்கு எழுதுகிறேன். ஆறுதல் சொல்ல எனக்கு வராது. நடந்ததைச் சொல்கிறேன், அதில் உங்களுக்கு உதவுவது ஏதும் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள்.

நான் வீட்டில் சட்டை தைப்பவள். இவர் வயல்காரர். கைதடிப் பக்கத்தில் எங்களுக்கு வயல் இருக்கிறது. நீண்ட காலமாக இவருக்கு நீரிழிவு. குதிக்கால் இரண்டிலும் பித்தவெடிப்பு. வெறுங்காலோடு சேற்றுக்குள் இறங்க வேண்டாம் என்று நான் சொல்லாத நாள் இல்லை. ஆனால் வயலுக்குள் சப்பாத்தோடு இறங்குகிறவனைக் கண்டால் வரம்பில் நிற்கிறவர்கள் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்புக்குப் பயந்த அளவுக்கு இவர் வேறு ஒன்றுக்கும் பயந்ததில்லை.

அந்த மாதம் இவரின் அக்கா ரொறன்ரோவில் இருந்து வந்து எங்களோடு நின்றார். எனக்கு மச்சாள். தாயில்லாத தம்பியைத் தூக்கி வளர்த்தவர். தம்பிக்குத் தும்மல் வந்தால் அவருக்குக் காய்ச்சல் வரும், அப்படிப்பட்ட பாசம். அவர் கொண்டுவந்த சூட்கேஸில் சவர்க்காரம், சொக்லேற், நோவெண்ணெய் எல்லாம் இருந்தன. அதற்குள் வேறு என்ன இருந்தது என்பது எனக்குப் பிறகுதான் தெரிய வந்தது.

சில நாளில் காய்ச்சல் இறங்கியது. மச்சாள் கனடாவில் உள்ள எல்லோருக்கும் போன் எடுத்து, தம்பிக்குச் சுகம் என்று சொன்னார். நானும் நம்பினேன். இவர் வயலுக்கும் ஒரு தரம் போய் வந்தார். பிறகு காய்ச்சல் திரும்ப ஏறியது, இந்தமுறை இருமலோடு. வலது முழங்கால் வீங்கிப் பளபளத்தது. ஒருநாள் காலையில் வாசல் படியில் ஏற முடியாமல் நின்று என்னைக் கூப்பிட்டார். அந்தக் குரலைக் கேட்டதும் தைத்துக்கொண்டிருந்த சட்டையைப் போட்டுவிட்டு ஓடினேன். ஓட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

வாட்டில் படுக்க வைத்ததும் இரத்தம் எடுத்தார்கள். சின்னக் குழாய்களில் எடுத்தது போதாதென்று, இரண்டு போத்தல்களிலும் எடுத்தார்கள். இரத்த வளர்ப்புப் பரிசோதனை (இரத்தத்தை ஊட்டக் கரைசலில் விட்டு, அதில் கிருமி வளருகிறதா என்று பார்ப்பது) என்று சொன்னார்கள்.

"உவ்வளவு ரத்தத்தையும் உறிஞ்சினால் பெடியன் என்னத்துக்கு ஆகிறது?" என்று மச்சாள் முணுமுணுத்தார். பெடியனுக்கு அறுபது தாண்டியிருந்தது.

வாட் டொக்டர் இவரிடம் ஒவ்வொன்றாகக் கேட்டார். எப்போது தொடங்கியது, சளியில் இரத்தம் வந்ததா, வயலில் வேலையா. பிறகு கேட்டார்: "ஐயா, இஞ்சை வர முன்னம் வேறை மருந்து ஏதும் போட்டனீங்களோ? அன்ரிபயோட்டிக் (கிருமியைக் கொல்லும் மருந்து) மாதிரி?"

"இல்லை டொக்டர். பனடோல் மட்டும்தான்."

கேள்வி முடிவதற்குள் பதில் வந்துவிட்டது. மச்சாள் கீழே குனிந்து தேத்தண்ணிப் போத்தலின் மூடியை இறுக்கிக்கொண்டிருந்தார். கட்டிலின் மற்றப் பக்கத்தில் நான் நின்றேன். எனக்கு ஒன்றும் வித்தியாசமாகத் தெரியவில்லை.

வழமையான ஊசி மருந்தை ஏற்றினார்கள். எக்ஸ்ரேயில் நெஞ்சில் ஒரு பக்கம் வெள்ளையாக இருந்தது. போத்தல்களின் முடிவுக்கு ஐந்து நாள் வரை பார்க்க வேண்டும் என்றார்கள்.

எனக்குப் பொறுத்திருக்கத் தெரியாது. யாராவது ஒரு சட்டையைக் காட்டினால், மறுபக்கம் திருப்பித் தையலைப் பார்க்காமல் விடமாட்டேன். நுண்ணுயிரியல் டொக்டர் (கிருமிகளைக் கண்டுபிடிக்கும் வைத்தியர்) வாட்டுக்கு வந்தபோது பிடித்துக்கொண்டேன். என் மருமகளாக வரக்கூடிய வயது, மெல்லிய உடம்பு, கதைக்கும்போது கண்ணைப் பார்த்துக் கதைப்பவர்.

"உங்கடை மெசின் என்னத்தைப் பாக்குது டொக்டர்? எனக்கு ஒருக்கா விளங்கப்படுத்துங்கோ."

அவர் சலிக்கவில்லை. இரத்தம் விடாத ஒரு புதுப் போத்தலைக் கொண்டுவந்து தலைகீழாகப் பிடித்தார். அடியில் பச்சை நிறத்தில் ஒரு வட்டத் தட்டு இருந்தது.

"உள்ளுக்கை கிருமி இருந்தால் அது சாப்பிடும், மூச்சு விடும். அந்த மூச்சுக் காத்துப் பட்டால் இந்தத் தட்டு மஞ்சளாய் மாறும். மெசினுக்குள்ளை ஒவ்வொரு போத்தலுக்கும் கீழை ஒரு சின்ன வெளிச்சம் இருக்கு. அது திரும்பத் திரும்பத் தட்டிலை பட்டு வரும். நிறம் துளி மாறினாலும், எங்கடை கண்ணுக்குத் தெரிய முன்னம் மெசின் கண்டு மணி அடிக்கும்."

"அப்ப அந்த வெளிச்சம் கிருமியைப் பாக்குது?"

"இல்லை அம்மா. கிருமியின்ரை மூச்சைப் பாக்குது. அது உயிரோடை இருந்து, பெருகி, மூச்சு விட்டால்தான் எங்களுக்குத் தெரியும். ஒரு மருந்து அதை அரைவாசி அமத்தி வைச்சிருந்தால் மெசினும் ஏமாந்து போகும்."

பிறகு இவரிடம் திரும்பி, வாட் டொக்டர் கேட்டதையே இன்னொரு முறை கேட்டார். இவர் இல்லை என்று தலையாட்டினார். மச்சாள் தோடம்பழம் உரித்துக்கொண்டிருந்தார். உரித்த சுளைகளை இன்னும் உரித்துக்கொண்டிருந்தார்.

ஐந்து நாளும் முடிந்தது. தட்டு பச்சையாகவே இருந்தது. கிருமி ஒன்றும் வளரவில்லை என்றார்கள்.

நான் சந்தோசப்பட்டேன். அதை இன்றைக்கு எழுத எனக்குக் கூசுகிறது, ஆனால் உண்மை அதுதான். வவுனியாவில் வேலை செய்யும் மகனுக்குப் போன் எடுத்து, அப்பாவின் இரத்தத்தில் ஒன்றுமில்லையாம் என்றேன். அடுத்த நாள் பிள்ளையார் கோயிலில் தேங்காய் உடைத்தேன். டொக்டர்களின் முகத்தில் சந்தோசம் இல்லாததை நான் கவனிக்க விரும்பவில்லை. அவர்கள் காசநோயாக இருக்குமோ என்று சளியைச் சோதிக்கத் தொடங்கியிருந்தார்கள். சளியிலும் ஒன்றும் அகப்படவில்லை. ஏற்றிய ஊசியும் வேலை செய்யவில்லை. யாரையென்று தெரியாமல் இருட்டில் தடியை வீசுகிற மாதிரித்தான் அந்த நாட்கள் போயின.

பிறகு ஒரு விடியற்காலையில் இவர் என்னைத் தன் அம்மாவின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். காய்ச்சல் அதுவரை இல்லாத அளவுக்கு ஏறியிருந்தது. சிறுநீர் குறைந்துவிட்டது. ஸ்கான் எடுத்தார்கள். ஈரலிலும் மண்ணீரலிலும் சின்னச் சின்னச் சீழ்க்கட்டிகள் இருந்தன. திரும்பவும் போத்தல்களில் இரத்தம் எடுத்தார்கள். அந்த முறை மச்சாள் முணுமுணுக்கவில்லை.

மறுநாளே மணி அடித்துவிட்டது.

நுண்ணுயிரியல் டொக்டர் தானே நேரில் வந்து கைத்தொலைபேசியில் எடுத்த படத்தை எனக்குக் காட்டினார். தட்டு மஞ்சளாக இருந்தது. மஞ்சள் மங்களமான நிறம் என்று இத்தனை காலமும் நம்பி வாழ்ந்தவள் நான். அந்தப் படத்தைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அது என்ன கிருமி என்று உறுதிசெய்ய இன்னும் கொஞ்சம் நேரம் எடுத்தது. ஆனால் ஸ்கானில் கட்டிகளைக் கண்டதில் இருந்து அவருக்கு ஒரு சந்தேகம் இருந்தது. அதற்குரிய மருந்தை அன்றே தொடங்கச் சொல்லிவிட்டார். மெலியோய்டோசிஸ் (ஈர மண்ணிலும் தேங்கிய நீரிலும் வாழும் கிருமியால் வரும் நோய்) என்று பெயர் சொன்னார்கள். நீரிழிவுக்காரர்களை அது சுலபமாகப் பிடிக்கும். காலில் உள்ள வெடிப்பு அதற்குப் போதும். நெஞ்சிலும் மூட்டிலும் ஈரலிலும் போய் இருந்துகொண்டு, காசநோய் மாதிரியும் வேறு நோய் மாதிரியும் வேசம் போடும். எங்கள் வயலுக்குள் அது எத்தனை காலமாக இருந்ததோ. அந்த மண்ணில் விளைந்ததைத்தான் நாங்கள் தின்று வந்தோம்.

அன்றைக்கு அந்த டொக்டர் ஒன்று செய்தார். "அம்மாவும் மாமியும் கொஞ்சம் வெளியிலை நில்லுங்கோ" என்று எங்கள் இருவரையும் அனுப்பினார். கட்டிலுக்குப் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டு இவரோடு தனியே கதைத்தார். வெளியே வந்தபோது எங்களுக்கு ஒன்றும் சொல்லவில்லை.

பின்னேரம் மச்சாள் குளிப்பதற்காக வீட்டுக்குப் போன நேரம் பார்த்து இவர் என்னைக் கிட்டக் கூப்பிட்டார்.

"அக்கா குளிசை தந்தவ. அத்தானுக்குக் குடுத்ததிலை மிஞ்சினதாம்."

எனக்கு முதலில் விளங்கவில்லை. மெதுவாகச் சொல்லி முடித்தார். மச்சாளின் புருசனுக்கு அங்கே நெஞ்சுச்சளிக்குக் கொடுத்த அன்ரிபயோட்டிக் மாத்திரை. அவர் முழுவதையும் போடாமல் மிச்சம் பிடித்தது. அந்த மிச்சத்தை மச்சாள் தம்பிக்கென்று பத்திரமாகக் கொண்டுவந்திருந்தார். வெளிநாட்டு மருந்து பவர் கூட, எங்கள் உடம்பு முழுக் குளிசையைத் தாங்காது என்று அக்காவும் தம்பியும் சேர்ந்து முடிவெடுத்து அதைப் பாதியாக உடைத்திருக்கிறார்கள். காலையில் பாதி, இரவில் பாதி. காய்ச்சல் இறங்கியதும் நிறுத்திவிட்டு மிச்சத்தை எடுத்து வைத்தார்கள். திரும்ப ஏறியதும் திரும்பத் தொடங்கினார்கள். ஆஸ்பத்திரிக்கு வந்த காலையிலும் ஒரு பாதி. வாட்டுக்கு வந்த பிறகும், குளிசை முடியும் வரைக்கும், தேத்தண்ணியோடு. அது முடிந்த பிறகு எடுத்த போத்தல்தான் மணி அடித்திருக்கிறது.

"டொக்டர் கேட்கேக்கை ஏன் சொல்லேல்லை?"

"அக்கா பக்கத்திலை நிண்டவ எல்லோ. எல்லாருக்கும் முன்னாலை அவவை எப்பிடிக் காட்டிக் குடுக்கிறது?"

எனக்கு அவரை அடிக்க வேண்டும் போல இருந்தது. கையில் சேலைனும் காலில் வீக்கமுமாகக் கிடக்கிற மனிசனை எங்கே அடிப்பது. போர்வையை இழுத்து மூடிவிட்டேன், கொஞ்சம் முரட்டுத்தனமாகத்தான் மூடினேன்.

"அவவுக்குச் சொல்லிப் போடாதை" என்றார். "தன்னாலைதான் எண்டு தெரிஞ்சால் அவ உயிரோடை இருக்கமாட்டா. சத்தியம் பண்ணு."

சத்தியம் பண்ணினேன். மச்சாளும் இப்போது இல்லை. அதனால்தான் இதை எழுத முடிகிறது.

சரியான மருந்து ஏறத் தொடங்கி இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ இவர் பால்தேத்தண்ணி கேட்டார். முழங்காலை மடக்கிக் காட்டினார். வரம்பு கட்டக் கூலிக்காரரைக் கூப்பிட்டாயா என்று வவுனியாவில் இருந்து வந்திருந்த மகனை ஏசினார். ஏச்சு வாங்கிய மகன் வெளியே போய் நின்று அழுதான். எனக்கும் நம்பிக்கை வந்தது. இந்த மருந்து முடிந்து வீட்டுக்குப் போனாலும் மாதக்கணக்கில் குளிசை போட வேண்டும், ஒன்றும் தவறக்கூடாது என்றார்கள். ஒரு துணுக்கும் உடைக்க விடமாட்டேன் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

அந்த நம்பிக்கை நீடிக்கவில்லை. கிருமி ஏற்கெனவே செய்ய வேண்டியதைச் செய்துவிட்டிருந்தது. சிறுநீரகம் நின்றது. இயந்திரத்தால் இரத்தத்தைச் சுத்திகரித்தார்கள். மூச்சு வாங்கத் தொடங்கியதும் அதிதீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றி, தொண்டைக்குள் குழாய் வைத்தார்கள். அதற்குப் பிறகு இவர் என்னோடு கதைக்கவில்லை. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று, அவரின் நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அதை ஏற்றி இறக்குவது அவரில்லை என்று தெரியும்.

மருந்து கிருமியை வென்றதா என்று பார்க்க மூன்றாம் முறை போத்தல்களில் இரத்தம் எடுத்தார்கள். நடைபாதையில் நுண்ணுயிரியல் டொக்டரைக் கண்டு, இப்போது அந்தப் போத்தல் எங்கே என்று கேட்டேன்.

"மெசினுக்குள்ளை இருக்கு அம்மா. உடம்பிலை இருக்கிற அதே சூட்டிலை வைச்சு மெல்ல ஆட்டிக்கொண்டிருக்கும். இந்தமுறை அது ஒண்டும் சொல்லாமல் இருந்தால்தான் எங்களுக்கு நல்லது."

முதல் தடவை அது பேசாமல் இருந்ததால்தான் கெட்டோம். இந்தத் தடவை அது பேசாமல் இருக்க வேண்டும் என்று நான் கும்பிட்டுக்கொண்டிருந்தேன். முருகனையும் பிள்ளையாரையும் விட்டுவிட்டு ஒரு பெட்டிக்குள் இருக்கும் வெளிச்சத்தைக் கும்பிட்டேன். போன் மணி அடித்தால் ஆஸ்பத்திரி நம்பரோ என்று பார்த்துவிட்டுத்தான் எடுப்பேன். மணி அடிக்காத ஒவ்வொரு மணித்தியாலமும் இவருக்குக் கிடைத்தது என்று கணக்கு வைத்தேன்.

போத்தலில் இருந்து மணி வரவில்லை. இவர் அதற்குள் போய்விட்டார். ஒரு மத்தியானம், பார்வையாளர் நேரம் தொடங்குவதற்கு முன்னால். உள்ளே விட்டார்கள். குழாயை எடுத்திருந்தார்கள். முகம் மெலிந்து இளந்தாரி முகம் மாதிரி இருந்தது. கை இன்னும் சூடாக இருந்தது. அது ஆறும் வரைக்கும் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அந்தப் பாதிக் குளிசைகள்தான் இவரைக் கொன்றனவா என்று டொக்டரிடம் கேட்டேன். "அப்பிடி என்னாலை சொல்ல ஏலாது அம்மா. நேரத்தோடை கண்டுபிடிச்சும் போன ஆக்கள் இருக்கினம். நாள் வீணாய்ப் போட்டுது எண்டு மட்டும்தான் சொல்லுவன்" என்றார். பொய் சொல்லி என்னைத் தேற்றாததற்கு அவருக்கு நன்றி.

நீங்கள் வெளியே காத்திருக்கிறவர் என்றால் உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். டொக்டர் நோயாளியிடம் கேள்வி கேட்கும்போது எழும்பி வெளியே போங்கள். பாசமானவர்களை எல்லாம் கூட்டிக்கொண்டு போங்கள். எங்கள் ஆட்கள் சாகக் கிடந்தாலும் பக்கத்தில் நிற்கிறவரின் முகத்தைப் பார்த்துத்தான் பதில் சொல்லுவார்கள். கையில் யாரோ தந்த குளிசை இருந்தால், அதன் பெட்டியையே கொண்டுபோய்க் காட்டுங்கள்.

மறுநாள் தகனம் நடந்தது. அதற்கடுத்த காலையில் மகனும் சொந்தக்காரரும் காடாத்துக்கு (எரிந்த இடத்தில் எலும்பும் சாம்பலும் எடுக்கும் சடங்கு) போனார்கள். பெண்கள் நாங்கள் வீட்டில் இருந்தோம். அப்போதுதான் போன் வந்தது. நுண்ணுயிரியல் டொக்டர். முடிவு எதுவானாலும் எனக்குச் சொல்ல வேண்டும் என்று நான் கேட்டிருந்ததை அவர் மறக்கவில்லை.

"அம்மா, இண்டையோடை அஞ்சு நாள் முடிஞ்சுது. போத்தல் ஒண்டும் காட்டேல்லை. ஐயாவின்ரை ரத்தத்திலை கிருமி இல்லை. சொல்லுறதோ விடுறதோ எண்டு யோசிச்சனான்."

"சொன்னது நல்லது பிள்ளை" என்றேன்.

போனை வைத்த பிறகுதான் எனக்கு உறைத்தது. நாங்கள் இவரைக் குளிப்பாட்டி, வாய்க்கரிசி போட்டு, எரிக்கக் கொடுத்த பிறகும் இவரின் இரத்தம் அந்தப் பெட்டிக்குள் உடம்புச் சூட்டில் இருந்திருக்கிறது. சாம்பல் ஆறிய நேரத்திலும் அது ஆறவில்லை. அந்தச் சின்ன வெளிச்சம் அதைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறது. திவசத்துக்கு ஐயர் திதி குறித்துத் தந்திருக்கிறார். அந்தத் திதியில்தான் இவர் போனார் என்று என்னால் முழுமனதோடு ஒத்துக்கொள்ள முடிவதில்லை. இன்னும் இரண்டு நாள் அவர் எங்கோ சூடாக இருந்தார்.

மச்சாள் சுவரில் சாய்ந்து நிலத்தில் இருந்தார். "சந்திரா, ஆர் போனிலை?" என்று என்னைக் கேட்டார்.

"ஆஸ்பத்திரியிலை இருந்து."

"என்னவாம்?"

"இவருக்கு ஒண்டும் இல்லையாம் மச்சாள். ரத்தம் சுத்தமாம்."

மச்சாள் என்னை நிமிர்ந்து பார்த்தார். அழுதழுது அவரின் கண் இடுங்கிப் போயிருந்தது.

"அப்ப என்ரை தம்பி ஏனடி செத்தவன்?"

பதில் என் நாக்கு நுனியில் இருந்தது. வீட்டில் ஆட்கள் நிறைந்திருந்தார்கள், எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லியிருக்கலாம். அந்த நிமிடத்தில் சொல்லத்தான் விரும்பினேன் என்பதையும் மறைக்கவில்லை.

"எனக்குத் தெரியாது மச்சாள்" என்றேன்.

பக்கத்தில் போய் இருந்தேன். அவர் என் தோளில் சாய்ந்துகொண்டார். என் கை தன்பாட்டில் அவரின் நெற்றிக்குப் போய்ச் சூடு பார்த்தது.